பாறுகளின் வீழ்ச்சியும் ஒரு வலிநிவாரணியும்: காரணத்தைக் கண்டறிந்ததற்கும் தடை நடைமுறைக்கு வந்ததற்கும் இடைப்பட்ட காலம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தியச் சிற்றூர்களில் செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையை நெடுங்காலமாகப் பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் பாறுகளே செய்துவந்தன. தோல் உரிப்பவர்கள் தோலை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே விட்டுச்செல்லும் உடலின் மீது இறங்கும் பெருங்கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் அதை வெறும் எலும்பாக்கிவிடும்; எஞ்சிய எலும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்களும் இருந்தன. இதற்கென்று எந்த ஊராட்சியும் நிதி ஒதுக்கியதில்லை, ஆள் நியமித்ததும் இல்லை. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 53 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள் உள்ள நாட்டில், அதுவும் மாட்டை இறைச்சிக்கு விற்காமல் சாகும்வரை பராமரிக்கும் வழக்கம் பல மாநிலங்களில் வேரூன்றியுள்ள நாட்டில், இது எத்தனை பெரிய பொதுப்பணி என்பதைப் பாறுகள் இருந்தவரை எவரும் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

இந்த வேலையில் பெரும்பங்கு வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, வட இந்தியாவிலும் நேபாளத்திலும் வாழும் மெல்லலகுப் பாறு ஆகிய மூன்று இனங்களுடையது. 1980களில் வெண்முதுகுப் பாறு உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளிலேயே மிக அதிக எண்ணிக்கையில் வாழ்வதாக மதிப்பிடப்பட்டது. அப்போது அதைக் காக்க வேண்டும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. மாறாக, விமானங்களில் மோதும் தொல்லையாகவே அது பேசப்பட்டது.

கவனிக்கப்பட்டவை

ராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களின் நடுப்பகுதியில் இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் ஒருவர், 1987–88இல் வெண்முதுகுப் பாறுகளின் 353 இணைகளைப் பதிவு செய்திருந்தார். அதே ஆய்வாளர் 1996இல் திரும்பச் சென்றபோது ஏறத்தாழ 150 இணைகளே எஞ்சியிருந்தன. கூடுகளின் எண்ணிக்கை குறைந்ததோடு, கிளைகளிலும் புதர்களிலும் இறந்த பறவைகள் தொங்கிக்கொண்டிருந்தன. உயிரோடிருந்தவற்றுள் பல, கழுத்தைத் தாங்க வலுவின்றித் தலையைக் கால்வரை தொங்கவிட்டு நாட்கணக்கில் அமர்ந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பூங்காவில் கூடு கட்ட ஓர் இணைகூட இல்லாமல் போனது.

ஒரு பூங்காவில் நிகழ்ந்தது நாடு முழுவதற்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தபோது அதற்கு விடை காண வழி இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் சாலை வழியாகச் சென்று இரைகொல்லிப் பறவைகளை எண்ணிய பதிவுகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அதே பாதைகளில் 2000ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் மீண்டும் எண்ணியபோது வீழ்ச்சியின் அளவு தெளிவானது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்திருந்தது; அதாவது ஆயிரத்துக்கு ஒன்று எஞ்சியது. மற்ற இரண்டு இனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்திருந்தன. எங்கும் நிறைந்திருந்த ஒரு பறவையைப் பொறுமையாக எண்ணி வைத்த அந்தப் பழைய பதிவு இல்லாதிருந்தால், பிந்தைய விவாதம் முழுவதும் ‘முன்பு நிறைய இருந்தன, இப்போது காணோம்’ என்ற நினைவுகளின் மட்டத்திலேயே நின்றிருக்கும். மூன்று இனங்களும் 2000ஆம் ஆண்டில் மிக அருகிவிட்ட இனங்களாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

காரணத்தைத் தேடியது

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பலர் சந்தேகித்தது ஒரு தொற்றுநோயை. இத்தனை பரந்த நிலப்பரப்பில், இத்தனை விரைவாக, எல்லா வயதுப் பறவைகளும் இறப்பதைக் கிருமியொன்று பரவுவதாகக் கொள்வது இயல்பாகவே தோன்றியது. பூச்சிக்கொல்லி, கன உலோக நஞ்சு, இரைப் பற்றாக்குறை ஆகியவையும் ஆராயப்பட்டன. இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை என்று காட்டுவதற்கே சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

விடை கிடைத்தது பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில். அமெரிக்காவைச் சேர்ந்த பெரெக்ரின் நிதியமும் பாகிஸ்தான் பறவையியலாளர்களும் இணைந்த குழு 2000ஆம் ஆண்டு முதல் அங்கே இறந்த வெண்முதுகுப் பாறுகளைச் சேகரித்து உடற்கூறாய்வு செய்தது. ஆராயப்பட்டவற்றுள் 85 விழுக்காட்டில் ஒரே அறிகுறி தென்பட்டது: கல்லீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்த பறவையில்தான் இப்படி நேரும். ஆனால் அதைச் செயலிழக்கச் செய்தது எது என்று தேடியபோது, கிருமிச் சோதனைகளும் நஞ்சுச் சோதனைகளும் கைவிரித்துவிட்டன.

இந்த இடத்தில் அக்குழு எடுத்த முடிவு மற்ற ஆய்வாளர்கள் கவனித்துப் பயில வேண்டிய ஒன்று என்று கருதுகிறேன். அவர்கள் பறவையை விட்டுவிட்டு, பறவை எதைத் தின்கிறது என்று கேட்டார்கள். இப்பகுதியில் பாறுகளின் உணவு ஏறக்குறைய முழுவதும் வீட்டுக் கால்நடைகளின் சடலம். ஆகவே கால்நடைகளுக்கு என்ன மருந்து கொடுக்கப்படுகிறது என்பதை அறிய, கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் விசாரித்தார்கள். அண்மையில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்ததாக, வாய்வழியே உட்கொண்டாலும் உடலில் ஏறக்கூடியதாக, சிறுநீரகத்தைப் பாதிக்க வல்லதாக எந்த மருந்து உள்ளது என்று வடிகட்டியபோது டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி நின்றது. சிறுநீரகச் செயலிழப்பால் இறந்த 25 பாறுகளைச் சோதித்ததில் ஒவ்வொன்றின் சிறுநீரகத்திலும் அந்த மருந்தின் எச்சம் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. காட்டில் விட முடியாத நிலையில் இருந்த சில பாறுகளுக்கு அம்மருந்து செலுத்தப்பட்ட கால்நடையின் இறைச்சியைக் கொடுத்தபோது அவை அதே அறிகுறிகளோடு இறந்தன. 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் இம்முடிவு வெளிவந்தது.

1990களில் ஏன் இது நிகழ்ந்தது என்பதற்கும் விடை அதிலேயே இருந்தது. அம்மருந்தின் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கத் தொடங்கி, விலை இறங்கியது அப்போதுதான். நொண்டும் மாட்டுக்கும் மடிவீக்கம் கண்ட பசுவுக்கும் காய்ச்சலில் படுத்த எருமைக்கும் மலிவாகக் கிடைத்த வலிநிவாரணியை உழவர்கள் பயன்படுத்தியதில் குறை காண ஏதுமில்லை. வாயில்லா உயிரின் வலியைத் தணிக்கவே அவர்கள் முயன்றார்கள். ஆனால் வலிநிவாரணி கொடுக்கப்படும் நிலையிலுள்ள மாடுதான் சில நாட்களில் இறந்துபோகவும் வாய்ப்புள்ள மாடு. அதன் உடலில் மருந்து கரைந்து வெளியேறுவதற்குள் பாறுக்கூட்டம் அதன் மீது இறங்கிவிடும்.

இறந்த மாடுகள் எல்லாவற்றிலும் மருந்து இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை ஒரு கணித ஆய்வு தீர்த்தது. பாறுகள் கூட்டமாக உண்பவை, ஆண்டுக்கு ஒரே முட்டை இடுபவை, முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. ஆகையால் நூற்றில் ஒரு சடலத்துக்கும் குறைவாக நஞ்சேறியிருந்தாலே கண்கூடாக நிகழ்ந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று அது காட்டியது. பின்னர் இந்தியாவில் 2004, 2005 ஆண்டுகளில் 1,848 கால்நடைச் சடலங்களிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது 10 விழுக்காட்டில் மருந்து இருந்தது. தேவைக்கும் பல மடங்கு அதிகமான நஞ்சு நிலத்தில் கிடந்தது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஆய்வுமுடிவு வெளிவந்த மறு ஆண்டே, 2005 மார்ச் மாதத்தில், தேசிய வனவிலங்கு வாரியம் கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2006 மே மாதத்தில் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை நிறுத்துமாறு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில் தடை விதித்தன. வங்கதேசம் 2010இல் இணைந்தது. ஒரு பறவைக்காக நான்கு நாடுகள் ஒரு மருந்தை விலக்கியது அரிய நிகழ்வு.

அது இயன்றதற்கு மற்றொரு ஆய்வு காரணமாக அமைந்தது. வலிநிவாரணியே வேண்டாம் என்று உழவரிடம் சொல்ல முடியாது என்பதை உணர்ந்த ஆய்வாளர்கள், தடை கோருவதோடு மாற்று மருந்தையும் தேடினார்கள். விலங்குக் காட்சிச்சாலைகளிலும் பறவை மருத்துவர்களிடமும் பாறுகளுக்கும் அவற்றின் உறவினங்களுக்கும் கொடுக்கப்பட்ட மருந்துகளின் பதிவுகளைத் திரட்டியபோது மெலாக்சிகாம் பாதுகாப்பானதாகத் தெரிந்தது. அதை முதலில் எண்ணிக்கையில் மிகுந்த ஆப்பிரிக்கப் பாறு இனத்திலும், பிறகே இந்திய இனங்களிலும் சோதித்தார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் இனத்தைச் சோதனைக்கு முதலில் உட்படுத்தக் கூடாது என்ற அந்த எச்சரிக்கை முறையானது. 2006இல் அதன் முடிவு வெளிவந்தபோது மெலாக்சிகாம் காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத மருந்தாக இருந்ததால் இந்திய நிறுவனங்கள் உடனே தயாரிக்க முடிந்தது. விலை மட்டும் சற்று அதிகமாக இருந்தது.

இதோடு, காட்டில் நஞ்சு தீரும்வரை இனம் அற்றுப்போகாதிருக்க, ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்யும் மையம் நிறுவப்பட்டது.

தடைக்குப் பின் நிகழ்ந்தவை

தடை பகுதியளவே பலித்தது. கால்நடைக்கான குப்பி கடைகளிலிருந்து மறையத் தொடங்கியது. சடலங்களில் மருந்தின் அளவும் அடுத்த ஆண்டுகளில் குறைந்தது. ஆனால் அதே மருந்து மனிதருக்கான ஊசியாகச் சட்டப்படி விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. வளர்ந்த மனிதருக்கு ஒரு வேளைக்குத் தேவையானது 3 மில்லிலிட்டர். சந்தையிலோ 30 மில்லிலிட்டர் குப்பிகள் கிடைத்தன. ஒரு மாட்டுக்கு ஊசி போடப் போதுமான அந்தக் குப்பியை வாங்கி கால்நடைக்குச் செலுத்துவது எளிதாக இருந்தது. 2007 முதல் 2010 வரை பதினொரு மாநிலங்களில் 250க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளில் ஆய்வாளர்கள் மாட்டுக்கு மருந்து கேட்டு விசாரித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கடைகளில் டைக்ளோஃபெனாக் தரப்பட்டது.

இந்தக் கடைக் கணக்கெடுப்பை நான் மருந்தைக் கண்டறிந்த ஆய்வுக்கு இணையாக மதிக்கிறேன். ஆய்வகமோ நுண்கருவியோ தேவைப்படாத, எளிய வாடிக்கையாளரைப்போல் கடைக்குச் சென்று கேட்டு எழுதிவந்த இவ்வேலைதான் சட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியது. அதன் விளைவாக 2015 ஜூலையில் மனிதருக்கான ஊசி 3 மில்லிலிட்டருக்கு மிகாத ஒற்றை வேளைக் குப்பியாக மட்டுமே விற்கப்பட வேண்டும் என்று நடுவண் அரசு ஆணையிட்டது. மனிதருக்கு மருந்து தடையின்றிக் கிடைத்தது. மாட்டுக்கு ஊசி போட விரும்புபவரோ பல குப்பிகளை உடைக்க வேண்டியதாயிற்று. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் தள்ளுபடி செய்தது.

அதற்குள் வேறு வலிநிவாரணிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2009இலேயே சோதனையில் தெரிந்துவிட்டது. அசிகுளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. வங்கதேசம் 2021இல் கீட்டோபுரோஃபெனைத் தடைசெய்தது. இந்தியா இவ்விரண்டையும் 2023 ஜூலை இறுதியில்தான் தடைசெய்தது. நிமிசுலைடு என்ற மற்றொரு வலிநிவாரணிக்கான தடை 2024 டிசம்பர் இறுதியில் வந்தது. ஒரு மருந்தின் தீங்கு ஐயமறத் தெரிந்த பின்னும் பதினான்கு ஆண்டுகள் அது கடையில் இருந்தது என்பதை எந்த நிர்வாகச் சிக்கலையும் சொல்லி நியாயப்படுத்த முடியாது.

நேபாளம் இதில் முன்னே நடந்தது. தடையோடு நிற்காமல், உள்ளூர்ச் சமூகங்கள் முதிர்ந்த மாடுகளை வாங்கிப் பராமரித்து, அவை இயற்கையாக இறந்தபின் மருந்தற்ற சடலத்தைப் பாறுகளுக்கு வைக்கும் இடங்களை 2006 முதல் அமைத்தன. கடைகளில் டைக்ளோஃபெனாக் ஏறக்குறைய மறைந்த அந்நாட்டின் தாழ்நிலங்களில் வெண்முதுகுப் பாறு மெல்லத் திரும்பி வருகிறது.

மனிதருக்கு நேர்ந்தது

பாறுகள் மறைந்தபின் சடலங்கள் மறையவில்லை. ஊருக்கு வெளியே அழுகிக் கிடந்த உடல்களைத் தெருநாய்கள் தின்று பெருகின. சில இடங்களில் சடலங்கள் ஆற்றிலும் குளத்திலும் தள்ளப்பட்டன. பாறு ஒரு சடலத்தை முழுமையாகத் தின்றுவிடும். கடும் அமிலம் சுரக்கும் அதன் வயிறு பெரும்பாலான கிருமிகளை அழித்துவிடும். நாயோ பாதியைத் தின்று மீதியை விட்டுச்செல்லும், வெறிநோயையும் சுமக்கும். 2008இல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு, 1992 முதல் 2006 வரை பாறுகளின் வீழ்ச்சியால் நாய்கள் ஏறத்தாழ 55 இலட்சம் கூடின என்றும், அதன் வழியே வெறிநாய்க்கடியால் 47,000க்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகள் நேர்ந்திருக்கலாம் என்றும் மதிப்பிட்டது.

இதைவிட விரிந்த கணக்கு 2024இல் ‘அமெரிக்கன் எக்கனாமிக் ரிவ்யூ’ இதழில் வந்தது. பாறுகள் முன்பு மிகுதியாக வாழத்தக்க மாவட்டங்களையும் அவ்வாறு அல்லாத மாவட்டங்களையும் எடுத்துக்கொண்டு, மருந்து மலிவான ஆண்டுக்கு முன்னும் பின்னும் அங்கே மனித இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று இரு பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். வீழ்ச்சிக்கு முன் இரு வகை மாவட்டங்களும் ஏறத்தாழ ஒரே போக்கில் இருந்தன. பின்னர் பாறுகள் இருந்த மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் கூடுதல் இறப்புகள் என்பது அவர்கள் அடைந்த முடிவு. கால்நடைகள் மிகுந்த நகர்ப்புறங்களில், அதாவது புறநகரில் சடலங்கள் குவிக்கப்படும் இடங்களில், விளைவு மிகுதியாக இருந்தது. இது இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணியதன்று, ஒப்பீட்டின் வழியே பெற்ற மதிப்பீடு என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் நாய்களின் எண்ணிக்கை, வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் விற்பனை, நீரின் தரம் ஆகிய தனித்தனித் தரவுகளும் அதே திசையைக் காட்டின.

எண்ணில் அடங்காத இழப்பும் உண்டு. இறந்தோரைப் பாறுகளுக்கு ஒப்படைக்கும் மும்பைப் பார்சி மக்கள் தம் சமயக் கடனை முறைப்படி நிறைவேற்ற இயலாமல், வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளை நாட வேண்டியதாயிற்று.

மோயாற்றுப் பள்ளத்தாக்கு

விந்தியத்துக்குத் தெற்கே காட்டில் எஞ்சியுள்ள மிகப் பெரிய பாறுக்கூட்டம் நீலகிரி மாவட்டத்தின் சீகூர் பீடபூமியிலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வாழ்கிறது. முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு ஆகிய காடுகளுக்கிடையே அது பறந்து திரிகிறது. ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. புலியும் செந்நாயும் கொன்ற காட்டு விலங்குகளின் சடலம் இங்கே கிடைப்பதால் வீட்டு மாட்டை மட்டும் நம்பி வாழ வேண்டிய நிலை இவற்றுக்கு இல்லை. இவை பிழைத்திருக்க அது ஒரு காரணமாகலாம். (திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் உணவுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு கழுகுகள் 1990களின் பிற்பகுதியில் வராமல் போனதைப் பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள், வேறு இனம். அவற்றின் மறைவை இம்மருந்தோடு இணைக்கும் நேரடிச் சான்று இல்லை.)

தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை, நாடு தழுவிய தடைக்கு முன்பே நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களில் கீட்டோபுரோஃபெனைத் தவிர்க்க நடவடிக்கை எடுத்தது. 2022 அக்டோபரில் மாநில அளவிலான பாறு பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. தமிழகமும் கர்நாடகமும் கேரளமும் ஒரே நாட்களில் எண்ணத் தொடங்கின. 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும் அவ்வாண்டு டிசம்பரில் 320 பாறுகளும் கணக்கிடப்பட்டன. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் இவ்வளவு பெருக முடியாது; ஆகையால் இந்த வேறுபாட்டைப் பெருக்கமாகக் கொள்ளாமல், பருவமும் எண்ணும் முறையும் சேர்ந்த விளைவாகக் கொள்வதே சரி. மூன்று மாநிலங்கள் ஒரே நாளில் எண்ணுகின்றன என்பதே இதில் பெரும் ஆதாயம். எல்லை தாண்டிப் பறக்கும் பறவை இருமுறை எண்ணப்படும் பிழை இதனால் குறைகிறது.

மருந்தோடு மற்றொரு அபாயமும் இப்பகுதியில் உண்டு. மாட்டைப் புலியிடம் இழந்தவர் ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் நஞ்சு வைத்தால், புலியோடு ஒரு பாறுக்கூட்டமே அழியும். மாட்டுக்கான இழப்பீடு காலதாமதமின்றிக் கையில் சேர்வது பாறுப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று இங்குள்ள களப்பணியாளர்கள் சொல்வது சரியே.

மாற வேண்டியவை

கால்நடைக்கான வலிநிவாரணி எதுவும் சந்தைக்கு வருமுன் சடலமுண்ணிகளிடம் அதன் விளைவு சோதிக்கப்பட வேண்டும். இதுவரை நடந்தது தலைகீழானது: மருந்து முதலில் விற்கப்பட்டது, பறவைகள் இறந்தன, அதன்பின் பொதுநிதியில் ஆய்வாளர்கள் தீங்கை நிறுவ வேண்டியிருந்தது. தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு தயாரிப்பாளரிடம் இருந்திருந்தால், அசிகுளோஃபெனாக் உடலுக்குள் எதுவாக மாறுகிறது என்பது விற்பனைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இரண்டாவது, பறவைக் கணக்கும் மக்கள் உடல்நலக் கணக்கும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டும். நாய்க்கடி மருத்துவப் பதிவுகளும் மாவட்ட இறப்புப் பதிவுகளும் 1990களின் இறுதியிலேயே இருந்தன. பாறுகளின் சாலைக் கணக்கும் இருந்தது. அவை வெவ்வேறு துறைகளின் கோப்புகளில் கிடந்தமையால் மனித இறப்பு குறித்த விரிவான கணக்கு வீழ்ச்சிக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தது. 2005இல் அந்த எண் வாரியத்தின் முன் இருந்திருந்தால் பெரிய குப்பிகளை நிறுத்தப் பத்தாண்டுகள் ஆகியிருக்காது என்றே எண்ணுகிறேன்.

மூன்றாவது, சடலங்களில் மருந்தின் எச்சத்தைச் சோதிப்பதும் மருந்துக்கடைகளில் விசாரிப்பதும் ஆராய்ச்சித் திட்டங்களின் நிதி முடியும்போது தாமும் முடிந்துவிடுகின்றன. அவை மாநிலக் கால்நடைத் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ஆண்டுதோறும் செய்யும் வேலையாக வேண்டும். முடிவுகள் மாவட்டவாரியாக வெளியிடப்பட வேண்டும். நிமிசுலைடும் தடைசெய்யப்பட்டுவிட்ட நிலையில் அதன் இடத்தை எது பிடிக்கிறது என்பதை அறிய வேறு வழியில்லை. மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் பாறுகளுக்குத் தீங்கற்றவை எனச் சோதனையில் தெரிந்துள்ளன. மோயாற்றைச் சுற்றியுள்ள கால்நடை மருந்தகங்களில் இவ்விரண்டும் எப்போதும் இருப்பில் இருக்கச் செய்வதற்கு இனி எந்த ஆய்வும் தேவையில்லை. கொள்முதல் ஆணை போதும்.